சவரக்காரனின் வயிறு

கோழி ஒன்று உயிர் போகிற மாதிரி அலறியது.

பக்கத்து வீட்டு மண்சுவர் விரிசலில் பூச்சி ஒளிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்த நான், எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினேன். அடெல்மோ படுத்திருந்த அறையின் வாசலை அடைத்துக்கொண்டு அவன் மனைவி ஜண்டீரா நின்றாள். கவுனில் ஒரு வெள்ளை இறகு ஒட்டியிருந்தது.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல தோனா சுல்மீரா," என்றாள். பெண்களை மரியாதையாக 'தோனா' என்று கூப்பிடுவது இந்த ஊர் வழக்கம். "கோழியத் தூக்க உடும்பு சைசுல ஒரு தேயுப் பல்லி வந்துச்சு. வெரட்டிட்டேன். நீங்க போய் உங்க விரிசலப் பாருங்க. இவரு அசந்து தூங்குறாரு."

தூங்கட்டும் என்றுதான் நானும் விட்டேன். கல் குவாரியில் ராத்திரி முழுக்க உழைத்துவிட்டு வந்தவன். முழங்கையில் நான் கட்டிய இரண்டு டப்பாக்களோடு, ஜன்னலை அடைத்த இருட்டில் கிடந்தான். டப்பாவுக்கு இருபது பூச்சி, வாயில் வலைத்துணி. வெளிச்சம் பட்டால் அவை குடிக்காது.

இந்தப் பக்கத்தில் அந்தப் பூச்சிக்குச் சவரக்காரன் என்று பெயர். தூங்குகிறவன் முகத்தைத் தேடி வந்து கடிப்பதால். கடித்த இடத்தில் அது போடும் கழிவில் கிருமி இருக்கும். சொறியும்போது உடம்புக்குள் போகும். இருபது வருஷம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு இதயத்தைத் தின்னும். ஆனால் என் பூச்சிகள் சுத்தமானவை. ஆய்வகத்தில் முட்டையிலிருந்து நான் வளர்த்தவை. மூன்று வாரம் பட்டினி போட்டுக் கொண்டுவந்திருந்தேன். நோயாளியிடம் கிருமி இருந்தால், இவற்றின் குடலில் அது பெருகி எனக்கு முகம் காட்டும்.

அடெல்மோவுக்கு பஸ் கம்பெனியில் ஓட்டுநர் வேலை காத்திருந்தது. ரத்தப் பரிசோதனை 'சந்தேகம்' என்று வந்ததால், பூச்சிகள் சொல்வதுதான் கடைசி வார்த்தை. சுத்தம் என்றால் காக்கிச் சட்டை. இல்லையென்றால் ஆயுசுக்கும் கல் குவாரி.

அரை மணி கழித்து அவன் கையிலிருந்து டப்பாக்களை அவிழ்த்தேன். தட்டையாக வந்தவை பழுத்த காப்பிப் பழம் போல உருண்டிருந்தன. பதினேழு வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. கால்மணி நேரத்தில் தன் எடையைப் போல எட்டு மடங்கு, ஒன்பது மடங்கு குடிக்கும். குடித்து முடிந்ததும் வேண்டாத தண்ணீரையும் உப்பையும் மளமளவென்று வெளியே தள்ளிவிடும். சாரத்தை மட்டும் வயிற்றின் முன்பையில் பத்திரப்படுத்தி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்கு அனுப்பிச் செரிக்கும். அப்படி ஒரு சாப்பாட்டில் தோலையே உரித்துக்கொண்டு அடுத்த பருவத்துக்கு வளர்ந்துவிடும்! எங்கள் ஊர்க் கல்யாணத்தில் பன்றி வறுவலை ஒரு பிடி பிடித்துவிட்டு மூன்று நாள் படுத்துக்கிடக்கும் ஆட்களுக்கு அந்த வயிறு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

முப்பதாம் நாள்தான் குடலைத் திறந்து கிருமி தேட வேண்டும். எட்டாம் நாளே ஒரு பூச்சி செத்தது. வீணாக்குவானேன் என்று அறுத்தேன். முன்பை ரத்தத்தில் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தேன்.

அணுக்கள் நீள்வட்டமாக இருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் கருப்பாக ஒரு கரு.

மனுஷ ரத்தத்தின் சிவப்பணு வட்டமாக இருக்கும், கரு இருக்காது. எட்டு நாள் கழித்தும் அந்தப் பூச்சி தான் குடித்ததை அப்படியே எனக்காக எடுத்து வைத்திருந்தது. மனசுக்குள் அதற்கு ஒரு கும்பிடு போட்டேன். அடுத்த நிமிஷம் அந்த வெள்ளை இறகு ஞாபகம் வந்தது.

மறுநாள் காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அடெல்மோ காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன தோனா, என் ரத்தம் ருசியா இருந்துச்சாமா?"

"உன் ரத்தத்த அதுங்க பாக்கவே இல்லப்பா. கோழி ரத்தத்தக் குடிச்சிருக்கு."

அவன் கையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். வாய்விட்டுச் சிரித்தான்.

"அடி பயந்தாங்கொள்ளி! நான் தூங்குறப்ப கழட்டிக் கோழிக்குக் கட்டிட்டியா? பல்லியக் கண்டா தொடப்பத்தத் தூக்குறவ, பூச்சிக்குப் பயந்துட்டாளே!"

ஜண்டீரா சிரிக்கவில்லை. காப்பிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"இது சுத்தமான பூச்சிம்மா," என்றேன். "வாங்கிக்குமே தவிர எதையும் குடுக்காது. இன்னொரு நாப்பது கொண்டாந்திருக்கேன். அரை மணிதான். நீயும் பக்கத்துலயே உக்காரு."

"கட்டுங்க, கட்டுங்க," என்று அடெல்மோ சட்டைக் கையை மடித்தான். "முப்பது நாள்ல நான் காக்கி போடணும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாய் இருந்தது, ஆடு இருந்தது, பன்றி இருந்தது. இவள் ஏன் கோழியைப் பிடித்தாள்? போன வருஷம் தேவாலய முற்றத்தில் ஊரையே உட்காரவைத்து நான்தான் சொன்னேன்: 'நாய்க்கு ஒட்டும், பூனைக்கு ஒட்டும். கோழி ரத்தத்துல மட்டும் இந்தக் கிருமி பிழைக்காது.' முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியவள் இவள்.

டப்பாவை எடுத்த கை நின்றது. "ஜண்டீரா, கடிச்சுடும்னு பயந்தா பண்ணினே?"

அவள் கணவனின் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் சட்டையின் முதல் பொத்தானைப் பார்த்தபடி சொன்னாள்:

"தெனமும் இவரு தூங்கினதும் நெஞ்சுல காது வச்சுக் கேக்குறேன் தோனா, நாலு அடி அடிச்சா அஞ்சாவது வர மறந்துடுது."