ஏழாம் கூண்டு

ஓஷில்டுக்கு எலிகள் மேல் பாசமெல்லாம் கிடையாது. பாசம் வைத்தால் அந்த வேலையில் ஒரு வாரம் தாங்க முடியுமா? பெர்கன் நகரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத அறையில், இருபத்தாறு வருஷமாகச் சுண்டெலிகளைப் பார்த்துக்கொள்பவள் அவள். மூளைக்கட்டி வந்தவர்களுக்கு அறுவை செய்து எடுத்த கட்டியில் ஒரு துணுக்கை எலியின் மூளைக்குள் வைப்பார்கள். அது எப்படி வளர்கிறது, எந்தப் பக்கம் பரவுகிறது, புது மருந்துக்கு அடங்குகிறதா என்று பார்ப்பார்கள். தினமும் காலையில் ஒவ்வொரு எலியையும் தராசில் வைத்து எடை போட வேண்டும். எடையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் அன்றைக்கே அதை வலியில்லாமல் முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் சித்திரவதை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைக் கறாராகச் சொல்லிக்கொடுப்பதே அவள்தான்.

கட்டி யாருடையது என்று எழுத மாட்டார்கள். ஓர் எண், அறுவை நடந்த தேதி, அவ்வளவுதான். அந்தப் பாழாய்ப்போன தேதிதான் எல்லாவற்றையும் கெடுத்தது. மார்ச் பன்னிரண்டு. அன்றைக்கு நாள் முழுக்க அறுவை அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தவள் ஓஷில்ட். அவள் தம்பி ஸ்டெய்னாரைத் தவிர வேறு யாரையும் உள்ளே கொண்டுபோகவில்லை.

இந்த எலிகளை வேறு ஆளுக்கு மாற்றிவிடுங்கள் என்று மேலே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தம்பியுடையதை யார் கையிலோ விட அவளுக்கு மனசு வரவில்லை.

ஆறாம் கூண்டில் ஐந்து, ஏழாம் கூண்டில் ஐந்து. ஒரு கூண்டுக்கு மருந்து, இன்னொன்றுக்கு வெறும் உப்புத்தண்ணீர். எதற்கு எது என்று முடிவு வரும்வரை யாருக்கும் சொல்ல மாட்டார்கள். ஆறாம் கூண்டு மூன்றே வாரத்தில் காலியானது. ஐந்தையும் ஓஷில்ட்தான் தன் கையால் முடித்தாள். கடைசி எலியை முடித்த அன்றைக்கு அவளுக்கு மனசு விட்டுப்போனது. மறுநாள் காலையில் ஏழாம் கூண்டிலும் எடை குறைய ஆரம்பித்தது. தீவனத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, கூழாகப் பிசைந்து, சின்னத் தட்டில் உள்ளே வைத்தாள். பதிவேட்டில் எழுதவில்லை. எழுதினால் எடுத்துவிடச் சொல்வார்கள்.

எலிகள் கூழைத் தின்றன. தராசு முள் இறங்காமல் நின்றது. ஆனால் அவை முதுகைக் கூனிக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்தன, தலையைத் தூக்கவில்லை. ஓஷில்ட் தராசைப் பார்த்தாளே தவிர எலியைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் தம்பி வீட்டுக்கு மீன் சூப்போடு போவாள். முப்பது வருஷம் படகுத்துறையில் கத்திக் கத்திக் கயிறு கட்டியவன் ஸ்டெய்னார். இப்போது வலது கை தொங்கிவிட்டது, பாதிப் பேச்சில் வார்த்தை தொலைந்துவிடும்.

"என் எலிங்க எப்படிக்கா இருக்கு? என்னை மாதிரியே சோம்பேறிங்களா?"

"ஏழாம் கூண்டு இன்னும் நிக்குதுடா. ஆறாவதை விடப் பதினோரு நாள் கூட."

"அடேங்கப்பா! எலிக்கே பதினோரு நாள்னா மனுசனுக்கு எவ்வளவு?"

"அது... மருந்தாத்தான் இருக்கும்" என்றாள் ஓஷில்ட். வாய் கூசாமல் சொன்னாள். கூழ் கொடுத்த கையாலேயே அவன் தோளைத் தட்டிக்கொடுத்தாள். அந்த நேரத்தில் அவளே அதை நம்பினாள் என்பதுதான் கொடுமை.

அந்தப் பேச்சை நம்பித்தான் அவன் இரண்டாவது அறுவைக்குச் சம்மதித்தான். அதுவரை மாட்டவே மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றவன். பேச்சு மொத்தமாகப் போய்விடலாம், கிடைத்தால் இரண்டு மூன்று மாதம் கிடைக்கும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். "பேச்சு போனா போகட்டும். அந்த மருந்து வர்ற வரைக்கும் தாக்குப்பிடிச்சுப் பாக்குறேன்" என்றான். வரும் செவ்வாய்க்கிழமை என்று நாள் குறித்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம், ஆராய்ச்சிக்குத் தலைவரான ஹால்வார் கேக்கோடு சாப்பாட்டு அறைக்குள் வந்தார். கூழுக்கும் எடை நிற்காமல் ஏழாம் கூண்டும் அந்தப் பதினோராம் நாளோடு முடிந்திருந்தது; எதற்கு எது என்ற பட்டியலைத் திறந்துவிட்டார்கள். மருந்து போனது ஏழாம் கூண்டுக்கு.

"ஓஷில்ட், முதல் துண்டு உங்களுக்குத்தான்! பதினோரு நாள்! ஒன்பது வருஷமா ஒரு நாள்கூடக் கிடைக்காம அல்லாடினோமே!"

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை?

"நான் கூழ் வச்சேன்" என்றாள்.

"என்னது?"

"ஏழாம் கூண்டுக்கு. தினமும். எடை இறங்கக் கூடாதுன்னு. அது என் தம்பியோட கட்டி."

ஹால்வார் கத்தியைக் கீழே வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"மூளையை அறுத்துப் பாத்தப்பவே உறுத்துச்சு" என்றார். "ரெண்டு கூண்டுலயும் கட்டி ஒரே மாதிரி அடுத்த பக்கத்துக்குத் தாவியிருந்துச்சு. சரி, எலி எப்படியோ தாங்கிக்கிச்சுன்னு நெனச்சேன். எனக்கும் நம்ப ஆசை."

"அப்போ மருந்து?"

"கேக்காதீங்க ஓஷில்ட். வீட்டுக்குப் போங்க. திங்கக்கிழமை நான் மேலே எழுதிக் கொடுத்தாகணும்."

மழையில் நனைந்துகொண்டே தம்பி வீட்டுக்குப் போனாள். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். ஸ்டெய்னார் முழுக்கக் கேட்டான்.

"அப்ப மருந்து இல்ல" என்றான் கடைசியில்.

"இல்லடா."

"அந்தப் பதினோரு நாளும்... அதுங்க எப்படி இருந்துச்சு?"

நன்றாக இருந்தது என்று சொல்லியிருக்கலாம். அவளால் முடியவில்லை.

"கஷ்டப்பட்டுச்சுடா. சுத்திக்கிட்டே கெடந்துச்சு. விட்டிருந்தா நிம்மதியாப் போயிருக்கும். நான்தான் விடல."

அவன் வார்த்தையைத் தேடினான். அவள் எடுத்துக்கொடுக்கவில்லை, காத்திருந்தாள்.

"என்னை... விட்டுடு அக்கா" என்றான். "பேச்சு இருக்கறப்பவே போறேன். நீ போன் பண்ணிச் சொல்லிடு. எனக்கு அவ்வளவு வார்த்தை வராது."

அவள் அழுதாள். சத்தம் போட்டே அழுதாள். அவன் இடது கையால் போனை அவள் பக்கம் தள்ளினான். மருத்துவமனையில் ஒரு பெண் எடுத்தாள். செவ்வாய்க்கிழமை ஸ்டெய்னார் வரவில்லை என்றாள் ஓஷில்ட்.

"சரிங்க. வேற எந்த நாளுக்கு மாத்தி வைக்கட்டும்?"

ஓஷில்ட் தம்பியைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான்.

"வேற நாள் வேண்டாம்மா" என்றாள்.