பேருக்குக் கீழே

"பேருக்குக் கீழ இன்னாண்ணா போடறது? இல்லத்தரசின்னு போட்டுடட்டா?" என்று கேட்டுக்கொண்டே பேனர் கடை சுபாஷ் கம்ப்யூட்டரில் இருசம்மாளின் முகத்தை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தான். எதற்காகவோ எப்போதோ ஸ்டூடியோவில் எடுத்த போட்டோ. பின்னால் இருந்த நீலத்துணியை அழித்துவிட்டு மேகம் வைத்தான்.

"கொத்தனார்னு போடு," என்றான் காசிநாதன்.

சுபாஷ் திரும்பிப் பார்த்தான். "அது நீங்கதானேண்ணா? 'கணவர் காசிநாதன், கொத்தனார்'னு கீழ போட்டுட்டேன், பாருங்க."

"என் பேருக்குப் பின்னாடி இருக்கறத எடுத்துடு. அத அவ பேருக்குக் கீழ போடு."

கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் அப்போதுதான் கடைகள் திறந்துகொண்டிருந்தன. முந்தின நாள் சாயங்காலம் கல்வராயன் மலையில் வேலை முடித்து, பஸ் பிடித்து வடக்கனந்தல் வீட்டுக்கு வந்தவள் இருசம்மாள். குழம்பைக் கூட்டி வைத்துவிட்டு, நெஞ்சு கரிக்கிறது என்று படுத்தாள். விடியற்காலையில் ஆட்டோ வந்து வாசலில் நின்றபோது அவளை ஏற்ற வேண்டிய தேவை இருக்கவில்லை.

ஐஸ் பெட்டிக்கும் பேனருக்கும் மேஸ்திரி சிவசங்கர் போனிலேயே சொல்லி வைத்திருந்தார். அவரிடம் வேலை செய்கிறவர்கள் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பேனர் அவர் செலவு. கீழே வலது பக்கத்தில் கூலிங்கிளாஸ் போட்ட அவர் போட்டோ இருக்கும்.

"கொத்தனார்னா ஆம்பளைங்கள சொல்றதுண்ணா," என்றான் சுபாஷ். "படிக்கறவன் நான்தான் தப்பா அடிச்சிட்டேன்னு திட்டுவான். கொத்தனாரம்மான்னு போடட்டா?"

"கொத்தனாரம்மான்னா கொத்தனார் பொண்டாட்டின்னு ஆயிடும்."

"பொண்டாட்டிதானே?"

"வூட்ல பொண்டாட்டி. செவுத்தாண்ட கொத்தனாரு."

சுபாஷ் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, "மேஸ்திரிய ஒரு வார்த்த கேட்டுக்கறேண்ணா," என்றான். கேட்க வேண்டியிருக்கவில்லை. வாசலில் புல்லட் வந்து நின்றது. வாழையிலையில் சுற்றிய ரோஜா மாலையுடன் சிவசங்கரே இறங்கி வந்தார்.

வந்ததும் காசிநாதனின் தோளைப் பிடித்தார். "டீ கீ குடிச்சியா? ஒடம்பப் பாத்துக்க காசி." பிறகு கண் திரைக்கு, இருசம்மாளின் பேருக்குக் கீழே சுபாஷ் அடித்து வைத்திருந்த 'கொத்தனார்' என்ற எழுத்துக்குப் போனது. "இன்னாடா இது?"

மேஸ்திரி விரலால் திரையைத் தட்டினார்.

"என்னாண்ட பதினாலு வருசம் சித்தாளுடா அவ. சனிக்கெழம சனிக்கெழம என் கையால கூலி குடுத்திருக்கேன்."

"உங்களாண்ட சித்தாளு. மலையில கொத்தனாரு."

"மலையில ஒரு கக்கூஸு, ரெண்டு ரூமு. அதுக்கு இவ்ளோ பெரிய பட்டமா?"

"ஒரு நாளைக்கு ஆயிரத்தி எரநூறு வாங்கனா, மேஸ்திரி. நீங்க எனக்குக் குடுக்கறதவிட ஜாஸ்தி. உங்களாண்ட அவளுக்கு ஐநூத்தி அம்பது."

சொல்லி முடித்த பிறகுதான் காசிநாதனுக்கு உறைத்தது, இதை அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இருசம்மாள் எங்கே என்று தெருவில் யார் கேட்டாலும், மலையில் சித்தாள் வேலைக்குப் போயிருக்கிறாள் என்றுதான் ஒன்றரை வருஷமாகச் சொல்லிவந்தான்.

மேஸ்திரி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தானாப் புடிச்ச வேல அப்பிடித்தாண்டா. இன்னைக்கு வரும், நாளைக்கு வராது. மழ பேஞ்சா வூட்ல குந்திகினு இருக்கணும். என்னாண்ட வருசம் பூரா வேல. தீவாளின்னா துணி. நல்லது கெட்டதுக்கு நான் வந்து நிக்கறேனா இல்லியா?"

"நிக்கறீங்க. இல்லன்னு சொல்லல."

"அப்பறம்? இதப் பாத்துட்டு நாளைக்கே சித்தாளு ஆண்டாளு வந்து, எனக்கும் பூசத் தெரியும், கொத்தனார் கூலி குடுன்னு நிப்பா. அவளப் பாத்து மிச்ச பேரும் நிப்பாளுவ. நான் இன்னாடா சொல்றது?"

"பூசிக் காட்டச் சொல்லுங்க."

சுபாஷ் சிரிப்பை அடக்க இருமினான். மேஸ்திரி அவன் பக்கம் திரும்பவே இல்லை, காசிநாதனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து மணிக்குக் கரண்டு நிறுத்திடுவான்," என்றான் சுபாஷ், பொதுவாக. "பிரிண்டு போடணும்."

"என் போட்டோவ எடுத்துடு," என்று எழுந்தார் மேஸ்திரி.

கூலிங்கிளாஸ் முகம் திரையிலிருந்து போயிற்று. அங்கே வெள்ளையாக ஒரு சதுரம் நின்றது.

"இந்த எடத்துல ரோஜாப்பூ போடட்டாண்ணா?"

"காலியா இருக்கட்டும்," என்றான் காசிநாதன்.

மேஸ்திரி மாலையைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். "பதினாறு முடிஞ்சதும் வேலைக்குன்னு வண்டியாண்ட வந்து நிக்காத காசி. வேற எடம் பாத்துக்க." புல்லட் வடக்கனந்தல் பக்கமாகத்தான் போயிற்று. பேனருக்கான காசை காசிநாதன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

*

மின்கம்பத்துக்கும் எதிர்வீட்டு முருங்கைக்கும் நடுவே பேனரைக் கட்டினார்கள். போகிறவர்கள் வண்டியை மெதுவாக்கிப் படித்தார்கள். ஒருவர் படித்துவிட்டு காசிநாதனைத் தேடி வந்து, இறந்தது கொத்தனார் காசிநாதன்தானோ, பேர்தான் மாறிப்போயிற்றோ என்று ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். உளுந்தூர்பேட்டையிலிருந்து மகள் மலர்விழி வந்து இறங்கினாள். அழுதுகொண்டே ஓடி வந்தவள் பேனருக்குக் கீழே நின்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு இரண்டுமுறை படித்தாள். பிறகு உள்ளே போனாள்.

சித்தாள் பெண்கள் எட்டுப் பேரும் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஆண்டாள் மட்டும் எழுந்து வெளியே வந்து, விரலால் காற்றில் தொட்டுத் தொட்டு எழுத்துக்கூட்டினாள். "கொ... த்... த... னார்." அப்படியே திரும்பாமல் கேட்டாள்:

"ஏண்ணா, இத அவ உசுரோட இருக்கசொல்ல எழுதி மாட்டியிருந்தா கூலியாவது ஏறியிருக்குமே. இப்ப பொட்டிக்குள்ள படுத்துகினு எப்பிடிப் படிப்பா?"

காசிநாதன் நாற்காலிகளை எடுத்துப் போடுகிற சாக்கில் நகர்ந்தான்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் திருநாவலூரில் மாடி வீட்டு வேலை நடந்தபோது அவனுக்கு ஒருநாள் காய்ச்சல். செங்கல் அடுக்குக்குப் பின்னால் நிழலில் படுத்துவிட்டான். மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரை சுவர் மூலையைக் கட்டித் தூக்கினவள் இருசம்மாள். மூலை கொஞ்சம் சாய்ந்தாலும் சுவர் முழுக்கச் சாயும். மேஸ்திரி அதைத் தேர்ந்த கொத்தனார்களுக்குத்தான் கொடுப்பார். சாயங்காலம் அவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டை விட்டுப் பார்த்துவிட்டு, "காசி மூலைன்னா காசி மூலதான்" என்றார். அந்த வாரத்திலிருந்து நாளைக்கு ஐம்பது ரூபாய் ஏற்றிக் கொடுத்தார். காசிநாதன் வாங்கிக்கொண்டான். இருசம்மாள் அப்போது சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

வேலையாட்களை ஏற்றித் திரும்பிய வண்டியை உளுந்தூர்பேட்டையில் டீக்கு நிறுத்தினார்கள். பின்னாலிருந்து இறங்கி வந்தவள், "அம்பது ரூவா ஏறிச்சாமே? அப்ப இன்னைக்கு டீ உன் காசுய்யா," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அடுத்த மாதம் கக்கூஸ் கட்ட ஆள் கேட்டு மலையிலிருந்து அவன் போனுக்கு அழைப்பு வந்தது. எடுத்தவள் அவள். "அவருக்கு மேஸ்திரியாண்ட வேல இருக்குதுங்க. கொத்தனாரு நான் வரேன்," என்றாள். அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். மேஸ்திரி கூட்டத்தின் கடைசியில் நடந்து வந்தார். குழியருகே வந்து மூன்று கை மண் போட்டார். கையைத் தட்டிக்கொண்டு, காசிநாதனின் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

*

மறுநாள் காலையில் பால் தெளித்துவிட்டு வந்ததும் காசிநாதன் சட்டையை மாற்றினான். அவன் அக்கா கொளஞ்சியம்மாள் வாசற்படியில் குறுக்கே நின்றாள்.

"பதினாறு ஆவல, எட்டு ஆவல. பொண்டாட்டியப் பொதச்ச மறுநாளே வேலைக்குப் போறியா? ஊரு காறித் துப்பும்டா."

"துப்பட்டும்க்கா. மலையில இவ கட்டிகினு இருந்தது சர்க்காரு பணத்துல கட்டற வூடு. வெள்ளிக்கெழம போட்டோ எடுக்க ஆபீசரு வராரு. அதுக்குள்ள செவுரு கதவுக்கு மேல லிண்டல் மட்டத்துக்கு ஏறலன்னா வூடு கட்டற ஆளுக்கு அடுத்த தவண பணம் வராது. ஏத்திடுவேன்னு இவ சொல்லிட்டு வந்திருக்கா."

"ஒரு போனப் போட்டு வேற ஆளப் பாக்கச் சொல்லு."

"நேத்துலேர்ந்து போடறேன். மலையில டவர் கெடைக்கல."

"அப்ப காரியத்த யாரு பாக்கறது?"

"பஸ்ஸு இருக்குது. சாயங்காலம் வந்துடுவேன்."

மலர்விழி உள்ளேயிருந்து அம்மாவின் சாமான் பையைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். அத்தையைத் தாண்டித்தான் கொடுத்தாள்.

வெள்ளிமலை பஸ் வளைவுகளில் முனகிக்கொண்டு ஏறியது. அவள் கட்டிய ஒரு சுவரைக்கூட காசிநாதன் மலையேறி வந்து பார்த்ததில்லை. வா என்று அவள் இரண்டுமுறை கூப்பிட்டாள். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

பஸ் நின்ற இடத்திலிருந்து மரவள்ளிக் காட்டு வழியாக ஒரு மைல் நடை. விசாரித்துக்கொண்டு போனான். சின்னராசு என்கிறவரின் வீடு. சுவர் மார்பளவுக்கு நின்றது. மணலைச் சலித்துக் குவித்து, தண்ணீரும் பிடித்து வைத்திருந்தார்கள். ஆள் யாரும் வெளியே இல்லை. காசிநாதன் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து, முதலில் வடக்கு மூலையில் விட்டுப் பார்த்தான். நூல் ஆடி ஆடி அடங்கியது. குண்டு சுவரைத் தொட்டும் தொடாமலும் நின்றது. மற்ற மூன்று மூலைகளிலும் விட்டுப் பார்த்தான்; எங்கும் சாய்வில்லை. பிறகு நூலைச் சுற்றி உள்ளே வைத்தான்.

பின்பக்கமிருந்து சின்னராசு வந்தார். அவன் கையிலிருந்த பையைப் பார்த்தார். அவனுக்குப் பின்னால் பாதையைப் பார்த்தார்.

"கொத்தனாரு வரலீங்களா?"

காசிநாதன் பையைச் சுவரோரமாக இறக்கி வைத்தான்.

"நீங்க யாருங்க?"

"அவுங்களாண்ட வேல செய்யற ஆளு," என்றான்.

சின்னராசு இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். அவன் மழித்த தலையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள ஏத்திடலாங்க," என்றான் காசிநாதன். "மத்தத மத்தியானம் சாப்பாட்டுக்குக் குந்தறப்ப சொல்றேன்."

"சட்டி தூக்க எங்க வூட்டுப் பொம்பளயக் கூப்புடட்டுங்களா?"

"வேணாங்க."

மணலில் சிமெண்டைக் கொட்டி, தண்ணீர் விட்டு, மண்வெட்டியால் புரட்டிப் புரட்டிக் கலவை போட்டான். சட்டியை நிரப்பினான். தோளில் கிடந்த துண்டை உருட்டிச் சும்மாடாக்கித் தலையில் வைத்தான். முப்பது வருஷத்தில் கீழிருந்து மேலே கலவை சுமந்தவன் அல்ல அவன். சட்டியைத் தூக்கி வைத்ததும் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது, கலவை வழிந்து காதில் விழுந்தது. இறக்கி வைத்தான். சும்மாட்டைப் பிரித்து இன்னும் இறுக்கமாகச் சுற்றி, மறுபடி தூக்கினான். சாரப் பலகையில் காலை வைத்து, அது தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு ஏறினான்.