மூன்றாவது அழைப்பு

கணவன் போய் ஒன்றரை வருஷமாகியும் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பது உறவுக்காரர்களுக்குப் பெரிய மனக்குறை. கல்நெஞ்சுக்காரி என்று சிலர் காதுபடவே பேசினார்கள். அவளுக்கு அதுகூட உறைக்கவில்லை. பல்செட் செய்யும் பட்டறையில் காலையில் போய் உட்கார்ந்தால், யாரோ ஒருவரின் மேல்வரிசை, யாரோ ஒருவரின் கீழ்வரிசை என்று மெழுகைச் சுரண்டியே பொழுதை ஓட்டிவிடுவாள். சாப்பிட்டாயா என்று கேட்டால் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

போனவன் லேசுப்பட்டவன் இல்லை. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில், விடியலில் தொடங்கி இருட்டும்வரை செய்கிற நெடும்போட்டி ஒன்று உண்டு. அதன் உலக சாம்பியன்ஷிப்புக்குத் தகுதி பெற்றே தீருவேன் என்று வருஷா வருஷம் கிளம்பியவன். முதலிடத்துக்குக் குறைந்த இலக்கு அவன் வாயில் வராது. சைக்கிளில் தலைதெறிக்க மிதித்துவிட்டு, ஓட்டத்தில் நொண்டிக்கொண்டு வருவான். மலை மலையாக மிதித்த அந்த மனிதன் கடைசியில் ஆபீஸ் லிஃப்டில் சரிந்துபோனான்.

சைக்கிளை விற்றுவிடலாம் என்று அவள் சொன்னபோது நாத்தனார் குறுக்கே நின்றாள். பிசியோதெரபிஸ்ட். ஊரார் முழங்காலையெல்லாம் மடக்கி நீட்டி, வாயும் கூடவே நீண்டுவிட்டவள்.

"விக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஏறிப் பாருங்க அண்ணி. பொழுதன்னைக்கும் பல்லையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்."

ஏறினாள். பிடித்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. காலேஜில் நீச்சலில் பரிசு வாங்கியவள் என்பதால் குளத்துக்கும் போனாள். தண்ணீருக்குள் யாரும் எப்படி இருக்கே என்று விசாரிப்பதில்லை. அந்த ஒரு வசதியே போதுமாயிருந்தது. வலிக்குதா என்று நாத்தனார் கேட்டால், "தெரியலையே" என்பாள். பெருமைக்குச் சொன்னதில்லை, நிஜமாகவே தெரியவில்லை.

போட்டிக்குப் பேர் கொடுத்த அன்று, சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு நாத்தனார் இலக்கு வகுத்தாள்.

"அண்ணன் பண்ண தப்பை நாம பண்ண வேண்டாம். உங்க வயசுப் பெண்கள்ல ரெண்டே பேருக்குத்தான் உலகப் போட்டியில இடம். ஜெயிக்கறவங்களைப் பிடிக்க உங்களால ஆகாது. கோவிச்சுக்காதீங்க."

"கோவமெல்லாம் வரலை."

"அஞ்சாவதா வாங்க, போதும். முன்னாடி வந்தவங்க சிலர் வேண்டாம்னுடுவாங்க. லீவு கிடைக்காது, செலவு தாங்காது, இல்லைன்னா வேற போட்டியில ஏற்கெனவே இடம் வாங்கியிருப்பாங்க. மறுநாள் மண்டபத்துல வரிசையா பேரைக் கூப்பிடுவாங்க. மூணு தடவை. ஆள் இல்லைன்னா அடுத்தவங்களுக்குப் போயிடும். அங்க ஆடாம அசையாம உட்கார்ந்திருக்கறதும் போட்டிதான்."

அவன் அந்த மண்டபத்துப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. மிச்சம் மீதிக்குக் காத்துக் கிடக்க என்னால் ஆகாது என்று சைக்கிளைக் காரில் ஏற்றிக் கிளம்பிவிடுவான். ஒரு வருஷம் அவன் பேரையும் மூன்று முறை கூப்பிட்டார்களாம். ஐயா அப்போது பாதி வழியில் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தார்.

அவளுக்கு அந்தத் தொந்தரவெல்லாம் இல்லை. போட்டியன்று யார் தாண்டிப் போனாலும் போகட்டும் என்று விட்டாள். சொன்ன வேகத்தில் மிதித்தாள், சொன்ன வேகத்தில் ஓடினாள். ஐந்தாவதாக வந்தாள். நாத்தனார் கட்டிப்பிடித்துக் குதித்தபோது, தண்ணீர் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாள்.

மறுநாள் மண்டபத்தில் பக்கத்து நாற்காலியில் நீலத்தொப்பி போட்ட ஒருத்தி வந்து விழுந்தாள். "நாலாவது நான்தான். மூணு வருஷமா இதே கதை, ஒரு இடம் தள்ளிப் போயிடும்" என்று சொன்னவள், பேச்சை முடிப்பதற்குள் தூங்கிப்போனாள். வாய் திறந்திருந்தது. கடைவாய்ப்பல் ஒன்று கட்டிவைத்த பொய்ப்பல் என்று இவள் கண்டுகொண்டாள். தொழில்புத்தி எங்கே போகும்!

மேடையில் மைக் பிடித்தவர் பேர் கூப்பிட ஆரம்பித்தார். முதலாமவள் இடத்தை வாங்கிக்கொண்டாள். இரண்டாமவள் வேண்டாமென்று கையை ஆட்டினாள். மூன்றாமவளை மூன்று முறை கூப்பிட்டும் ஆளைக் காணோம். அடுத்து நாலாவதின் பேர்.

நீலத்தொப்பி அசையவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டார். நாத்தனார் இவள் முழங்காலை அழுத்திப் பிடித்தாள். "அண்ணி, அசையாதீங்க."

சந்தோஷமும் வரவில்லை, குற்ற உணர்ச்சியும் வரவில்லை. பஸ்ஸில் தூங்குகிறவரை அவர் இறங்கும் இடத்தில் எழுப்புவதுபோல, அந்தத் தோளைத் தட்டினாள். "உங்களைத்தான் கூப்பிடறாங்க."

நீலத்தொப்பி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தாள். மேடையேறி, மைக் பிடித்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள்.

"உங்களுக்குப் பைத்தியமா? ஏன் எழுப்பினீங்க?" நாத்தனாருக்கு முகம் சிவந்துவிட்டது.

"தூங்கிட்டு இருந்தாங்க. எனக்கென்ன, போனா போகுதுன்னு..."

பாதியில் நின்றுவிட்டது. மேடையில் அந்தப் பெண் முகத்தைத் துடைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் இந்நேரம் தான் நின்றிருக்கலாம். இன்னும் ஒரே ஒரு அழைப்பு, சும்மா இருந்திருந்தால் போதும். வயிற்றில் ஏதோ பற்றிக்கொண்டு எரிந்தது. பொறாமை என்று புரிய அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"எனக்கு அது வேணும்டி."

"என்னது?"

"அந்த இடம். எனக்கு வேணும்!"

முன்வரிசையில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அதன் பின்னால்தான் உடம்பே வந்து சேர்ந்தது. தொடை, பிடரி, கறுத்துப்போன கால் நகம். "கால் வலிக்குது. உயிர் போகுது" என்றாள்.

நாத்தனாரின் கோபம் இறங்கிவிட்டது. "சரி, விடுங்க. அடுத்த வருஷம் நாலாவதுக்குப் பார்க்கலாம்."

"முதலிடம்."

"நடக்கறதைப் பேசுங்க அண்ணி."

"முதலிடம்தான். இங்க வந்து காத்துக் கிடக்க என்னால ஆகாது."

நாத்தனார் அவளையே பார்த்தாள். "அண்ணன் பேசற மாதிரியே இருக்கு" என்றாள் மெதுவாக.

அவ்வளவுதான். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு, மண்டபமே கேட்க, விம்மி விம்மி அழுதாள். நன்றி சொல்ல ஓடிவந்த நீலத்தொப்பி திகைத்து நின்றாள். "ஐயோ, என்னாலதானே? மன்னிச்சிடுங்க..."

"உங்களால இல்லைங்க" என்றாள் நாத்தனார், தன் கண்ணையும் துடைத்தபடி. "ரெண்டரை வருஷம் முன்னாடி அழ வேண்டியது. அழட்டும், விடுங்க."