ஆபீசருக்குத் தைத்த சட்டை

தையற்காரர் வீட்டுப் பூனைக்கு ஆபீசர் என்று பெயர். பத்து மணிக்கு வெளியே போய், எதுவும் செய்யாமல், சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாகத் திரும்பி வருவதால் வந்த பெயர்.

போன வாரம் எதிரே இருக்கும் மெக்கானிக் கடையில் ஒரு வேன் பின்னால் நகர்ந்தபோது ஆபீசரின் வால் நுனி நசுங்கியது. ஓட்டியது யார் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து தையற்காரரின் மனைவி கதவைத் திறக்க விடவில்லை. இதற்கு முன் வளர்த்த பூனையைத் தெருவிலிருந்து துணியில் சுற்றி எடுத்து வந்தவள் அவள்தான். இன்னொரு முறை அதைச் செய்ய அவளுக்குத் தெம்பில்லை.

மூன்றாம் நாள் ஆபீசர், தைத்து முடித்த ஒரு கோட்டின் மேல் மூத்திரம் பெய்தது.

"இன்டர்வியூவுக்குப் போற கோட்டுடி அது. வேலை கிடைச்ச மாதிரிதான்."

"உசுரு பெருசா, கோட்டு பெருசா?"

"ஜெயில்ல போட்டா அது வேற என்ன பண்ணும், சாமி பாட்டா பாடும்?"

"சாமிய இதுல இழுக்காதீங்க. அவருகிட்ட ஏற்கெனவே சொல்லியாச்சு."

"என்ன சொன்னாரு?"

"அவரும் உங்கள மாதிரிதான். கேட்டுக்குவாரு, பதில் சொல்ல மாட்டாரு."

கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. ஆபீசருக்கு ஒரு சட்டை தைத்து, முதுகில் கயிறு கட்டி, தெருவில் நடத்திக் கூட்டிப்போவது. இரண்டு கடி வாங்கிக்கொண்டு தையற்காரர் அளவெடுத்தார். சட்டை அழகாக வந்தது. தெருவில் இறங்கியதும் ஆபீசர் தரையோடு தரையாகப் படுத்தது, வயிற்றை எக்கியது, பின்பக்கமாகவே சட்டையிலிருந்து கழன்று ஓடிவிட்டது.

மனைவி வெறும் சட்டையைப் பிடித்தபடி நின்றாள். "ஒரு அங்குலம் கூடுதலா விட்டு வெட்டினீங்களா?"

"பழக்கதோஷம். எல்லாருக்கும் போகப்போகத் தொப்பை போடுதே."

"பூனை என்ன உங்க தம்பியா, தொப்பை போட?" என்றாள், கண்ணால் தெருவைத் தேடியபடி.

இருவரும் மெக்கானிக் கடைக்கு ஓடினார்கள். மெக்கானிக் ஒரு காரைக் கிளப்பப் போனவர், ஸ்பேனரால் பானெட்டில் மூன்று முறை தட்டினார். பிறகு குனிந்து அடியில் பார்த்தார். ஆபீசர் கொட்டாவி விட்டுக்கொண்டு வெளியே வந்தது.

"எப்போலேர்ந்து இப்படித் தட்டுற?" என்றாள் அவள்.

மெக்கானிக் ஸ்பேனரைத் துடைத்தார். "அன்னிக்கு அந்த வேன எடுத்தது நான்தான்க்கா. சொல்லப் பயமா இருந்துச்சு. அதுலேர்ந்து தட்டாம எந்த வண்டியையும் எடுக்கறதில்ல. வண்டிக்கு மந்திரம் போடறேன்னு கஸ்டமரெல்லாம் சிரிக்கிறாங்க."

திட்டுவதற்கு அவள் நாலு நாளாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது.

"உன் சட்டைப் பை கிழிஞ்சு தொங்குது பாரு. மத்தியானம் குடு, தைச்சுத் தரேன்."

இப்போது மெக்கானிக் கடை திறந்திருக்கும் நாட்களில் ஆபீசர் பத்து மணிக்கு வெளியே போகிறது. எதிரே மூன்று தட்டு கேட்கும்போதெல்லாம் அவள் கை வேலையை நிறுத்தி, கண்ணை மூடி, உதட்டை அசைக்கிறாள். நேற்று அளவெடுக்க நின்றிருந்த பருத்த மனிதர், தன் இடுப்பைப் பார்த்துத்தான் பிரார்த்தனை செய்கிறாள் என்று நினைத்து, வயிற்றை நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டார்.