வந்திருந்தோர்

வாசலை ஒட்டிய பிரம்பு நாற்காலியில் அம்மா. ஜன்னல் திட்டில் காலிரண்டையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு தங்கை. தகரப் பெட்டியின் மேல் மாமா, வழக்கம்போல் பேசிக்கொண்டு. மேசை முன்னால் நான்.

இவ்வளவையும் மணிமணியான எழுத்தில் எழுதி, அடியில் இருந்த கார்பன் தாள் நகர்ந்துவிடாதபடி ஒருமுறை தட்டிவிட்டு, அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். பிரம்பு நாற்காலியில் துவைத்து மடிக்காத துணிகள் குவிந்து கிடந்தன. ஜன்னல் திட்டில் தூசி. தகரப் பெட்டியின் மேல் பழைய செய்தித்தாள் கட்டு ஒன்று. அந்தப் பட்டியலில் உண்மையென்று சொல்ல, கடைசி வரி ஒன்றுதான் இருந்தது.

குடிநீர் வாரியத்தில் முப்பத்தோரு வருஷம் கூட்டக் குறிப்பு எழுதியவர் அவர். யார் வந்தார், எங்கே உட்கார்ந்தார், என்ன சொன்னார் என்று அவர் எழுதியதுதான் நடந்தது. அவர் எழுதாதது நடக்கவே இல்லை. அலுவலகத்தில் அவருக்குச் ‘சாட்சி’ என்று பட்டப்பெயர். ஒருதரம், கூட்டத்துக்கு வராத மேலதிகாரி ஒருவர் தன் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். “வராதவங்கள வந்ததா எழுத என் கைக்குத் தெரியாதுங்க” என்று சொல்லிவிட்டு, அதற்குப் பலனாக இரண்டு வருஷம் குழாய்க் கிடங்கில் எலிகளோடு குடித்தனம் பண்ணிவிட்டு வந்தார். அப்படிப்பட்ட கைதான் இப்போது ஒரு வருஷமாக வராதவர்களை உட்கார வைத்துக்கொண்டிருந்தது.

கடல் தாண்டி நடக்கும் அந்தப் போருக்கு இது ஆறாவது வருஷம். முதலில் ஒரு துறைமுகத்துக்காக என்றார்கள். பிறகு நட்பு நாட்டுக்குக் கொடுத்த வாக்குக்காக என்றார்கள். இப்போதெல்லாம் கேட்டால், ஏற்கெனவே செத்தவர்கள் வீணாகச் செத்ததாக ஆகிவிடக் கூடாது, அதற்காக என்கிறார்கள். கேட்பவர்களும் குறைந்துவிட்டார்கள். ஆரம்பத்தில் தெருமுனையில் நின்று துறைமுகத்தின் ஆழ அகலமெல்லாம் விளக்கியவர் சாட்சிதான். இரண்டாம் வருஷம் படையில் சேர மகன் தயங்கியபோது, “ரெண்டே வருஷம்டா, கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிரும்” என்று தோளைத் தட்டியதும் அவர்தான். அந்த இரண்டு வருஷம் முடிந்ததும் அவன் அங்கேயே இன்னொரு இரண்டுக்குக் கையெழுத்துப் போட்டான்.

போர்முனையில் கைபேசி கிடையாது. கடிதம்தான், அதுவும் பிரித்துப் படிக்கப்பட்ட பிறகு. ‘வீட்டுக் கவலைகளை எழுதி வீரர்களின் மனதைக் கலைக்க வேண்டாம்’ என்று அச்சடித்த தாள் ஒன்று முதல் மாதமே வந்தது. சட்டம் என்றால் சட்டம். சனிக்கிழமைதோறும் மூன்று பேரையும் கூட்டி உட்கார வைத்து, அவரவர் சொல்வதில் நல்லதை மட்டும் எடுத்து எழுதினார். முதல் வரியில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது இருக்கும். அறை அவன் கண்ணில் தெரியட்டும் என்று அவரே கண்டுபிடித்த முறை அது.

நூற்று ஐம்பத்தெட்டாவது கடிதத்தன்று மாமா எழுந்துபோனார். அவருடைய வானொலி பழுதுபார்க்கும் கடைக்குச் சாமான் வருவது நின்று வெகுநாளாகியிருந்தது, கப்பலெல்லாம் படைக்குத்தான். கடையை மூடிவிட்டு மகள் ஊருக்குப் போவதற்கு முன்னால், பெட்டியைவிட்டு எழுந்து சொன்னார்: “மச்சான், உங்க வாய்க்கு ஒரு பட்டாளமே கிளம்பும். நீங்க மட்டும் கிளம்ப மாட்டீங்க.”

நூற்று எழுபத்தொன்றில் மகள். போரை நிறுத்தச் சொல்லி ஊர்வலம் போய்விட்டு, தட்டியும் கையுமாக வந்து நின்றாள்.

“உங்க அண்ணன் அங்க நிக்கிறான். நீ இங்க கோஷம் போடுற. வெக்கமா இல்ல?”

“அவன் அங்க நிக்கிறதாலதான்ப்பா போடுறேன். உங்களுக்கு அவன் கடிதத்துல இருந்தாப் போதும். எனக்கு ஆளா வேணும்.”

“அப்ப வெளியே போ” என்றார். போய்விட்டாள். அடுத்த சனிக்கிழமைக்குள் திரும்பி வந்துவிடுவாள் என்றுதான் அன்று அவளை ஜன்னல் திட்டில் எழுதினார். அடுத்த வாரம் அங்கிருந்து அவளை இறக்க மனம் வரவில்லை. அன்றிலிருந்து மனைவி, அவர் பேனாவை எடுக்கும் சத்தம் கேட்டாலே உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள், அதுவும் பழகிப்போயிற்று.

நேற்று மகனின் கடிதம் வந்திருந்தது. அதை மறுபடி விரித்தார்.

‘அப்பா, உங்க 205 கெடச்சுது. கூட இருக்கறவங்களுக்கு வீட்லருந்து வர்றதெல்லாம் ஒரே அழுகை. நம்ம வீட்ல மட்டும்தான் எல்லாரும் அவங்கவங்க இடத்துல உக்காந்திருக்கீங்க. மாமாவை இத்தன வருஷமாத் தாங்குற பெட்டிக்கு ஒரு பதக்கம் குடுக்கணும். நான் இல்லாமலே எல்லாம் ஒழுங்கா நடக்குது. அதனால வர்ற ஒண்ணாம் தேதி இன்னொரு ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுடலாம்னு இருக்கேன். வந்து என்ன செய்யப்போறேன்? அந்த ரூம்ல நான் எங்க உக்காருவேன்னே ஞாபகம் வரல. எங்கப்பா உக்காருவேன்?’

அவருக்கும் ஞாபகம் வரவில்லை. நான்கு வருஷத்துக் கார்பன் படிகளும் எண் வரிசையில் கட்டாக அலமாரியில் இருந்தன. இரவு முழுவதும் யோசித்ததில் புரிந்தது இதுதான்: இருநூற்று எட்டுப் பட்டியலிலும் அவனுக்கு ஓர் இடம் எழுதப்படவில்லை. வராதவர்கள் வரிசையில்கூட இல்லை. இன்று தேதி பதினெட்டு. கடிதம் போய்ச் சேரப் பன்னிரண்டு நாள். தபால் வண்டி நாலு மணிக்கு. இன்று தவறினால் இரண்டு வருஷம் தவறிவிடும்.

எழுதிய தாளைக் கிழித்தார். அந்தச் சத்தம் புதிது என்பதாலோ என்னவோ, உள்ளறைக் கதவு திறந்தது.

“என்ன கிழிக்கிறீங்க?”

“பொய்ய.”

அவள் வெளியே வரவில்லை. கதவு நிலையில் தோளைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

“அவன் இங்க எங்க உக்காருவான்?” என்று கேட்டார்.

“உக்காந்தாத்தானே? சாப்பாட்டுத் தட்டக்கூடக் கையில வச்சுக்கிட்டு இதோ இங்கதான் சாஞ்சு நிப்பான். வழிய விடுடான்னு நான் கத்தாத நாள் உண்டா? பெத்த புள்ள நின்ன எடம் தெரியல, ஊருக்கெல்லாம் குறிப்பெழுதினீங்க.”

அவர் புதுத் தாளை வைத்தார், கார்பன் வைக்கவில்லை. எழுத எழுத உரக்கப் படித்தார்.

“பிரம்பு நாற்காலியில் துணி. தகரப் பெட்டியில் செய்தித்தாள்; மாமா ஊரைவிட்டுப் போய் ஒரு வருஷமாகிறது. ஜன்னல் திட்டில் யாரும் இல்லை. தங்கை ஒன்பது மாதமாக ரயில் நிலையத்துக்குப் பின்னால் வாடகை அறையில். போகச் சொன்னது நான். உன்னைப் போகச் சொன்னதும் நான்.”

பேனா நின்றது. “உன்ன எங்கன்னு எழுத? வா, வந்து நாற்காலில உக்காரு.”

“இத்தன நாளா உக்காராதவ இன்னிக்கு உங்க பேனாவுக்காக உக்காரணுமா? நிக்கிறேன்னே எழுதுங்க.”

எழுதினார். “உள்ளறைக் கதவு நிலையில், நின்றபடி, அம்மா. அது உன் இடமாம், அவள்தான் சொன்னாள். இதற்கு முன் ஒரு வருஷமாக எழுதியதை நம்பாதே.”

“அவ்ளோதானா? வந்துருடான்னு எழுதுங்களேன்.”

“அத எழுதினா பிரிச்சுப் படிக்கறவங்க மையடிச்சு மறைச்சுருவாங்க. காலி நாற்காலில என்னத்தக் கண்டுபிடிப்பாங்க?”

அவள் கொஞ்ச நேரம் அறையைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை.

தபால் நிலையத்தில் இருந்த பெண், உறையை வாங்கி உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். நான்கு வருஷமாக அவருடைய தடிமனான உறைகளைப் பார்த்தவள் அவள். “என்ன சார், இன்னிக்கு ஒத்தத் தாளா? பேச்செல்லாம் தீந்துபோச்சா?”

“ஆள் கொறஞ்சுபோச்சும்மா” என்றார்.

அவள் சிரித்தாள். அவர் உறையைத் திரும்ப வாங்கி, பசையைத் தொட்டு ஒட்டி, விளிம்பைக் கட்டைவிரலால் இரண்டுமுறை அழுத்தினார். முத்திரை விழுந்தது. பை கட்டப்பட்டு வண்டிக்குப் போயிற்று. காத்திருப்பவர்களுக்கான பெஞ்சு முழுக்கக் காலியாகத்தான் இருந்தது. அவர் உட்காரவில்லை. வாசல் நிலையில் தோளைச் சாய்த்து, போகிற வருகிறவர்களுக்கு வழியை மறித்துக்கொண்டு, வண்டி தெருவைத் திரும்பும்வரை நின்றார்.