ரமாபாய் போட்ட துளை

ரமாபாயின் இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்காது. இரண்டு வருடத்துக்கு முன்னால் திருவொற்றியூரில் அவள் வேலை பார்த்த பட்டறையில், சரியாக இறுக்காத இரும்புத் துண்டு ஒன்று டிரில்லிங் மெஷினில் துளை போடும் பிட்டோடு சேர்ந்து சுழன்று அவள் கையில் அடித்தது. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். எலும்பு கூடியது, விரல்கள் மட்டும் குச்சி மாதிரி நின்றுவிட்டன. பதினோரு வருடம் அந்த மெஷினை ஓட்டியவளைப் பிறகு பேக்கிங்குக்கு மாற்றினார்கள்.

விரலுக்குப் பயிற்சி கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார்கள். அதை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. யுகுலேலே ஒன்று வாங்கினாள். நாலே தந்தி, மடியில் அடங்கும் அளவு. அவள் புருஷன் லட்சுமணன் அதை 'குட்டி கிட்டாரு' என்பான். போனில் பார்த்துப் பார்த்து, மடங்குகிற இரண்டு விரலை வைத்தே வாசிக்கக் கற்றுக்கொண்டாள். வியாசர்பாடியில் அவர்கள் பிளாக்கில் இருந்த பெண்கள் பாட்டுக்குழுவில் சேர்ந்தாள். சொந்தமாக ஒரு பாட்டும் எழுதினாள். அவள் பிறந்த சடையங்குப்பத்தில் வெள்ளம் வந்த வருடம், பெண்கள் பள்ளிக்கூட மாடியில் அடுப்பு மூட்டி ஊருக்கே சமைத்துப் போட்டதைப் பற்றிய பாட்டு.

உட்கார்ந்து வாசித்தால் ஒரு தொல்லையும் இல்லை. எழுந்து நின்றால்தான் பேஜாரு. யுகுலேலேயின் கழுத்து கீழே சாயும். அதை இடது கையால் தாங்க வேண்டும். தாங்கினால் தந்தியை அழுத்த விரல் மிஞ்சாது. அதனால் போன ஏப்ரல் பதினாலு பேரணியில், மற்றப் பெண்கள் நடந்துகொண்டே பாட, அவள் மட்டும் மைக் வைத்த குட்டி யானை லோடு வண்டியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து போனாள். தன் பாட்டை மற்றவர்கள் தெருவில் பாடிக்கொண்டு வருவதை மேலே இருந்து பார்ப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

இந்த வருடமும் குழுவை நடத்தும் மகிழினி கேட்டாள். "யக்கா, உனக்கு வண்டில சேர் போட சொல்லிடவா?"

"வோணாம். நான் நடந்து வரேன்."

"கிட்டாரு?"

"அதுவும் நடந்துதான் வரும்."

தோளில் மாட்டும் வார் போட்டால் கழுத்து சாயாது என்று அவளுக்குத் தெரியும். வாரின் ஒரு முனையைக் கயிற்றால் தலைப்பக்கம் கட்டிக்கொள்ளலாம். மறு முனையை மாட்ட அடிப்பக்கம் ஒரு ஸ்ட்ராப் பட்டன் வேண்டும். பித்தளையில் செய்த சின்னக் குமிழ், நடுவில் ஒரு ஸ்க்ரூ, அவ்வளவுதான். பேரணிக்கு நாலு நாள் இருக்கும்போது யுகுலேலேயைத் தூக்கிக்கொண்டு மியூசிக் கடைக்குப் போனாள். மாட்டித் தரப் பத்து நாள் ஆகும் என்றார் கடைக்காரர்.

"அப்ப பட்டனும் வாரும் குடுங்க. நானே போட்டுக்கறேன்."

"வீட்ல போடாதீங்கம்மா. மரம் பொளந்துரும்."

"பொளக்காம போடறேன்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தாள்.

பேரணிக்கு முந்தின நாள் மத்தியானம், கீழ்த்தளத்தில் இருக்கும் ஆசாரி உதயாவிடம் கையால் சுற்றும் டிரில் ஒன்றை இரவல் வாங்கி வந்தாள். கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் மூட்டை இறக்கிவிட்டு லட்சுமணன் அப்போதுதான் வந்து சோற்றில் கை வைத்திருந்தான். டிரில்லைப் பார்த்ததும் கை நின்றது.

"இன்னா இது?"

"பட்டன் மாட்டப் போறேன்."

"உதயா கைல குடு. அவன் போட்டுத் தருவான்."

"அவன் போடறேன்னுதான் சொன்னான். நான்தான் வோணாம்னேன். பிட்டைக் காட்டினான், மூணரை எம்எம். அத்த போட்டா ஸ்க்ரூ சும்மா சுத்தினு இருக்கும், புடிக்காது. சின்னதா ஒன்னு கடைல வாங்கணும்."

அடிபட்ட அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் அவள் கையைச் சுற்றியிருந்த துணியைப் பார்த்தவன் லட்சுமணன். அதற்குப் பிறகு வீட்டில் தேங்காய் உடைப்பதுகூட அவன்தான். சாப்பிட்டு முடித்ததும், "வா, கடைக்கு நானும் வரேன்" என்று சட்டையை மாட்டினான்.

ஹார்டுவேர் கடையில் இருந்தவர் லட்சுமணனைப் பார்த்து, "உங்களுக்கு இன்னா சைஸு அண்ணே?" என்று கேட்டார். லட்சுமணன் மனைவியைக் கை காட்டினான். ரமாபாய் பட்டனின் ஸ்க்ரூவை மேஜைமேல் வைத்தாள். பிட்டுகளை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிட்டுக்கு இரண்டு பக்கமும் மரை மட்டும் தெரிய வேண்டும், ஸ்க்ரூவின் தண்டு தெரியக் கூடாது. இரண்டு எம்எம் பிட் அப்படியே பொருந்தியது.

"இதான்" என்றாள். கடைக்காரர் அடுத்த கேள்வியை அவளிடமே கேட்டார்.

வீட்டுக்கு வந்து ஜன்னல் பக்கம் பாயை விரித்தாள். யுகுலேலேயின் முன்பக்க ஒலித்துளை வழியாகச் சின்னக் கண்ணாடியை நுழைத்து, போன் டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தாள். அடிப்பக்கத்தின் உள்புறம் கட்டை ஒன்று ஒட்டியிருந்தது, தீப்பெட்டி கனம். விரல் முட்டியால் வெளியே தட்டினாள். ஓரத்தில் தட்டினால் டப்பென்று காலியாகக் கேட்டது. நடுவில் கெட்டியாகக் கேட்டது. கெட்டியான இடத்தில் காகித டேப் ஒட்டி, பென்சிலால் புள்ளி வைத்தாள். பிட்டிலும் ஒரு துண்டு டேப்பைச் சுற்றினாள்.

"அது இன்னாத்துக்கு?" என்றான் லட்சுமணன்.

"அதுவரைக்கும்தான் உள்ள போவணும். மேல போனா அந்தப் பக்கம் வந்துடும். நீ இத்த தலைகீழா புடிச்சுக்கோ. முட்டிக்கு நடுவுல தலகாணி வெச்சு இறுக்கு. அசையாத."

அவன் பிடித்தான். அவள் டிரில்லின் தலையை இடது உள்ளங்கையால் அழுத்தி, வலது கையால் கைப்பிடியை முதலில் பின்பக்கமாகச் சுற்றினாள். அப்படிச் செய்தால் மேல் பாலிஷ் சில்லு தெறிக்காமல் வழிவிடும். பிட் ஒரு சின்னக் குழியில் உட்கார்ந்தது. பிறகு முன்பக்கம் சுற்றினாள். பல்சக்கரம் கறகறவென்றது.

அந்தச் சத்தம் கேட்டதும் லட்சுமணன் கண்ணை மூடிக்கொண்டான். முட்டி தளர்ந்தது. யுகுலேலே ஒரு பக்கம் உருள, பிட் குழியை விட்டு வெளியே வந்து டேப்பைக் கிழித்துக்கொண்டு ஓடியது. மரத்தில் நகம் நீளத்துக்கு வெள்ளையாகக் கீறல் விழுந்தது.

"சொன்னேன்ல" என்றான் அவன். "வுட்டுடு ரமா. போதும்."

அவள் கீறலை விரலால் தடவிப் பார்த்தாள். ஆழம் இல்லை. பிறகு அவனைப் பார்த்தாள். அவன் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"யோவ், என் கை நல்லாத்தான் கீது. கண்ண மூடினது நீ" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "அன்னிக்கு துண்டை நான் சரியா இறுக்கல. ஷிப்ட் முடியற நேரம், அவசரப்பட்டுட்டேன். மெஷின் மேல தப்பு இல்ல, கை மேலயும் தப்பு இல்ல. இன்னிக்கு அவசரம் ஒன்னியும் இல்ல. கண்ணத் தொறந்து என் கைய பாத்துகினே இரு."

விபத்தைப் பற்றி அவள் இவ்வளவு பேசியதே அதுதான் முதல் தடவை. லட்சுமணன் லுங்கி நுனியால் முகத்தைத் துடைத்தான். தலையணையைச் சரிசெய்து மறுபடி இறுக்கினான். இந்த முறை கண்ணை எடுக்கவில்லை.

அவள் சுற்றினாள். இரும்பில் துளை போட்டால் சூடாகச் சுருள் சுருளாக வரும். இங்கே மாவு மாதிரி உதிர்ந்தது. மரத்தின் வாசனை லேசாக வந்தது. நாலு சுற்றுக்கு ஒரு தரம் பிட்டை வெளியே எடுத்துத் தூளை ஊதினாள். மரம் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்பது உள்ளங்கைக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. பிட்டில் சுற்றிய டேப் மரத்தைத் தொட்டதும் நிறுத்தினாள்.

ஸ்க்ரூவின் மரையில் மெழுகுவத்தியைத் தேய்த்து, பட்டனோடு வைத்து ஸ்க்ரூ டிரைவரால் திருகினாள். பாதி போனதும் கெட்டியாகப் பிடித்தது.

"இன்னும் ஒரு அழுத்து அழுத்து, போய்டும்" என்றான் லட்சுமணன்.

"பித்தளை. அழுத்தினா உள்ளயே ஒடைஞ்சு நின்னுடும்."

வெளியே எடுத்தாள். இன்னும் கொஞ்சம் மெழுகு தேய்த்தாள். மறுபடி திருகினாள், அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். பட்டன் மரத்தோடு வந்து உட்கார்ந்தது. கீறலில் பாதி அதன் அடியில் மறைந்தது, பாதி வெளியே தெரிந்தது. தெரிந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள். வாரை மாட்டி, பாய்க்குமேல் தொங்கவிட்டு, கீழ்நோக்கி நன்றாக இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

சாயங்காலம் டிரில்லைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, உதயா மேலே வந்து பார்த்தே தீருவேன் என்றான். வந்தான், பட்டனைப் பிடித்து ஆட்டினான், உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தான். "நான் போட்டிருந்தா மூணரைலதான் போட்டிருப்பேன் யக்கா" என்று ஒத்துக்கொண்டான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே வெயில் ஏறியிருந்தது. நீலக் கொடிகளோடு கூட்டம் நகர ஆரம்பித்தது. வெள்ளைப் புடவையில், தோளில் வாரோடு, பெண்களின் இரண்டாம் வரிசையில் ரமாபாய் நடந்தாள். முதல் பாட்டை எப்போதும்போல மகிழினி எடுத்தாள். யுகுலேலே மார்போடு அப்படியே நின்றது. இடது கை எதையும் தாங்க வேண்டியிருக்கவில்லை. நின்றபடி இதுவரை பிடிக்க வராத, தந்திகளைச் சேர்த்து அழுத்தும் கார்டு ஒன்றை அவள் இரண்டு விரலால் எட்டிப் பிடித்தாள். ஒரு தடவை தப்பியது. அடுத்த தடவை சுத்தமாக விழுந்தது.

லட்சுமணன் கூட்டத்தின் ஓரமாக வந்துகொண்டிருந்தான். முதல் இரண்டு தெருவும் அவன் பார்வை பட்டன்மேலேயே இருந்தது. மூன்றாவது தெருவில் யாரோ கையில் கொடியைக் கொடுக்க, வாங்கிக்கொண்டு பாட்டோடு சேர்ந்தான்.

தெரு முனையில் யாரோ மோர் பந்தல் போட்டிருந்தார்கள். மகிழினிக்குத் தொண்டை கட்டிவிட்டது. மோரை விழுங்கிக்கொண்டே, "யக்கா, சடையங்குப்பத்தை நீயே எடு" என்றாள்.

ரமாபாய் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடித்து முடித்தாள். வாயைத் துடைத்துவிட்டுத் தந்தியில் கை வைத்தாள். பின்னால் இருக்கிறவர்களுக்கும் கேட்க வேண்டும் என்று திரும்பி, பின்பக்கமாக நடந்துகொண்டே முதல் அடியைப் பாடினாள். பள்ளிக்கூட மாடியில் அடுப்பு மூட்டும் இடம் வந்தபோது முன்வரிசை, பின்வரிசை எல்லாம் சேர்ந்துகொண்டன.