அலமாரிக்குத் தாழ்ப்பாள்

“கதவைக் கதவு மாதிரி தெரியாமப் பண்ணிடும்மா” என்று மகள் போனில் சொன்னாள்.

“வேற என்ன மாதிரிடி தெரியணும், யானை மாதிரியா?”

“புத்தக அலமாரி மாதிரி வரையச் சொல்லு. கதவு கண்ணுல பட்டாத்தானே அப்பா கிளம்புறாரு?”

அதுவும் சரிதான். காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனுஷன், ரிட்டயர் ஆனதையே மறந்துவிட்டார். பொழுது சாய்ந்தால் டூட்டி ஞாபகம் வந்துவிடும். போன வாரம் மெயின் ரோட்டின் நடுவில் நின்று லாரிகளுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தவரை யாரோ பிடித்து இழுத்து வந்தார்கள். பூட்டி வைத்தால் கை வீங்கும்வரை கதவை இடிக்கிறார்.

கடை போர்டு எழுதும் பெயின்டர் வந்தார். கதவைப் பார்க்கவில்லை, முதலில் ஜன்னலைப் பார்த்தார்.

“வெளிச்சம் இடப்பக்கத்துலேருந்து வருது. நிழலையெல்லாம் வலப்பக்கம் விழ வைக்கிறேன். பலகைக்கு அடியில கருப்பு ஏத்திட்டா ஒரு முழம் உள்ளே போன மாதிரி இருக்கும். முன்னால இருக்கிற புத்தகம் பளிச்சுன்னு, பின்னால இருக்கிறது மங்கலா.”

“தாழ்ப்பாளை என்ன பண்ணுவீங்க தம்பி?”

அவர் தலையைச் சொறிந்தார். “தட்டையா இருக்கிறதை ஆழமாக்கத் தெரியும்மா. நிஜமாவே நீட்டிட்டு இருக்கிறதைத் தட்டையாக்கத் தெரியாது. சுத்தி ஒரு பெட்டி வரையறேன். பெட்டிக்கொண்டின்னு நினைச்சுக்கட்டும்.”

வரைந்து முடித்ததும் எனக்கே கை நீட்டிப் பார்க்கத் தோன்றியது.

மறுநாள் காலை இவர் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரை நடுப்பலகையில் வைத்தார். தடுமாறாமல், பஸ்ஸை ஓரம் கட்டுகிற மாதிரி நிதானமாக வைத்தார். டம்ளர் டணாரென்று தரையில் விழுந்து உருண்டது.

“பலகை சாஞ்சிருக்கு பாரு. எவன் செஞ்ச அலமாரி இது?”

“நான் வாங்கிக்கிறேன், கொடுங்க.”

“வேணாம், நானே வைக்கிறேன்.”

மறுபடியும் விழுந்தது. மூன்றாவது தடவை மூக்குக்கண்ணாடியை வைத்தார். ஒரு பக்கக் கண்ணாடி விரிசல் விட்டது. நான் குனிந்து பொறுக்கினேன். நிமிர்ந்தால் சீப்போடு நிற்கிறார்.

பெயின்டருக்குப் போன் போட்டேன்.

“வச்சுப் பார்த்தாரா? நிஜமாவாம்மா?” குரலில் சந்தோஷம் பொங்கியது. பிறகு அவருக்கே உறைத்திருக்க வேண்டும். “அடடா” என்றார்.

போகட்டும், வெளியே போகாமல் இருந்தால் சரி என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பொழுது சாய்ந்ததும் வழக்கம்போல டியூப் லைட்டைப் போட்டேன். அந்த விளக்கு இருப்பது வலப்பக்கச் சுவரில். பெயின்ட் மினுமினுத்தது. நிழல்கள் வெளிச்சம் வரும் பக்கமே விழுந்து கிடந்தன. அத்தனை புத்தகமும் வெறும் பலகையில் பூசிய சாயமாகிவிட்டது. தாழ்ப்பாள் மட்டும் தன் நிழலை ஒழுங்காக விழவிட்டுக்கொண்டு நின்றது.

இவர் கிட்டே போனார். சிரித்தார்.

“புத்தக அலமாரிக்கு யாராவது தாழ்ப்பாள் வைப்பாங்களா?”

திறந்துகொண்டு படியிறங்கிவிட்டார். செருப்புகூடப் போடாமல் நான் பின்னால் ஓடினேன்.

மறுநாள் பெயின்டர் சாயங்காலமாகவே வந்து விளக்கைப் போட்டு, அணைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார்.

“இந்த விளக்குக்கும் சேர்த்து இன்னொரு நிழல் போட்டுடுங்களேன்” என்றேன்.

“போடலாம்மா. ஆனா ஒவ்வொரு வெளிச்சத்துலயும் ஒரு நிழல் பொய்யா நிக்கும். ரெண்டு நேரமும் கெட்டுடும்.”

“வேற என்னதான் வழி?”

அவர் தூரிகையைத் துணியில் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. “லைட்டைப் போடாம இருந்து பாருங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்” என்றார். அவரிடம் கோபப்பட்டு என்ன பயன்?

இன்று விளக்கைப் போடவில்லை. ஜன்னல் கருத்தது. அலமாரி, கதவு, சுவர் எல்லாம் ஒன்றாகிவிட்டன. இவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழவில்லை. பலித்துவிட்டதே என்று நான் மூச்சு விட்டேன்.

அந்தச் சத்தம் கேட்டுவிட்டது.

“யாரு அங்க?”

“நான்தாங்க.”

“நான்னா யாரு?” கட்டில் கிறீச்சிட்டது. “லைட்டைப் போடுங்கம்மா, பயமா இருக்கு.”

கட்டிய நாளிலிருந்து என்னை வாடி போடி என்றே கூப்பிட்டவர்.

“நான்தான்டா உன் பொண்டாட்டி” என்று கத்திவிடலாம் போல இருந்தது. எழுந்து சுவரைத் தடவினேன். சுவிட்ச் கைக்கு அகப்பட்டது. விரலை வைத்தபடி நின்றேன்.

“போடுங்கம்மா.”

“இதோ.”

“போடுறேன்னு சொல்லிட்டு நிக்கிறீங்களே!”

“இதோ, இதோ போடுறேங்க.”